கேட்கத் தயங்க வேண்டாம்: மூத்தோருக்கான மருத்துவ, பராமரிப்பு உதவிகள்

உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். போன மாதமே தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரைகள் இன்னும் இருக்கின்றனவா? காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததை நாளுக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டீர்களா? கண் பரிசோதனைக்குக் கொடுத்த தேதியை, "இப்போது என்ன அவசரம்?" என்று தள்ளிப் போட்டீர்களா?

இப்படிச் செய்யும் மூத்தோர் பலர் சொல்லும் காரணம் செலவு. சொல்லாமல் விடும் காரணம் இன்னொன்று: பிள்ளைகளுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது, பிறரிடம் கையேந்தக் கூடாது என்ற எண்ணம். ஆனால் பாதி மாத்திரையால் மிச்சமாகும் பணம் சிறியது. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவோ இரத்த அழுத்தமோ பக்கவாதத்திலோ சிறுநீரகச் செயலிழப்பிலோ கொண்டுபோய் விட்டால், ஆகும் செலவும் குடும்பத்துக்கு ஏற்படும் சிரமமும் மிகப் பெரியவை.

2030ஆம் ஆண்டுக்குள் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். அதைக் கருத்தில் கொண்டே மூத்தோருக்கான மானியங்களும் காப்புறுதியும் பராமரிப்புச் சேவைகளும் படிப்படியாக உருவாக்கப்பட்டுள்ளன. சில உதவிகள் தாமாகவே கிடைக்கும். மற்றவற்றைக் கேட்டுத்தான் பெற வேண்டும். எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்பதை இந்தக் கையேடு விளக்குகிறது.

1. உங்களிடம் ஏற்கெனவே என்ன அட்டை இருக்கிறது?

முதலில் உங்கள் பிறந்த ஆண்டைப் பாருங்கள்.

முன்னோடித் தலைமுறை: 1949 டிசம்பர் 31 அல்லது அதற்குமுன் பிறந்து, 1986 டிசம்பர் 31ஆம் தேதிக்குள் குடியுரிமை பெற்றவர்கள்.

மெர்டேக்கா தலைமுறை: 1950 ஜனவரி 1 முதல் 1959 டிசம்பர் 31 வரை பிறந்து, 1996 டிசம்பர் 31ஆம் தேதிக்குள் குடியுரிமை பெற்றவர்கள். 1949 அல்லது அதற்குமுன் பிறந்து, முன்னோடித் தலைமுறைத் தொகுப்புத் திட்டத்தில் இடம்பெறாதவர்களும் இதே தேதிக்குள் குடியுரிமை பெற்றிருந்தால் இதில் அடங்குவர்.

இவ்விரு தலைமுறையினருக்கும் வருமானம் ஒரு தடையல்ல. உங்கள் பிள்ளை என்ன சம்பாதிக்கிறார், வீடு எவ்வளவு பெரியது என்று யாரும் கேட்பதில்லை.

பலதுறை மருந்தகத்திலும் அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு வெளிநோயாளிப் பிரிவிலும், வழக்கமான மானியத்தைக் கழித்த பிறகு மிஞ்சும் கட்டணத்தில் முன்னோடித் தலைமுறையினருக்கு மேலும் 50 விழுக்காடு குறையும். மெர்டேக்கா தலைமுறையினருக்கு 25 விழுக்காடு குறையும். எடுத்துக்காட்டாக, மானியம் போக 40 வெள்ளி மிஞ்சினால், முன்னோடித் தலைமுறையைச் சேர்ந்தவர் 20 வெள்ளி செலுத்துவார். மெர்டேக்கா தலைமுறையைச் சேர்ந்தவர் 30 வெள்ளி செலுத்துவார்.

இந்த இரண்டு தலைமுறைகளிலும் நீங்கள் இல்லையென்றால், சாஸ் எனப்படும் சமூக சுகாதார உதவித் திட்டம் உங்களுக்கு உண்டு. 2019 நவம்பர் முதல் எல்லாச் சிங்கப்பூர்க் குடிமக்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்து நீலம், ஆரஞ்சு, பச்சை ஆகிய மூன்று நிற அட்டைகளில் ஒன்று கிடைக்கும். சாஸ் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருந்தகங்களிலும் பல் மருந்தகங்களிலும் இந்த அட்டைக்குரிய மானியத்தைப் பெறலாம்.

சளி, காய்ச்சல் போன்ற சாதாரண நோய்களுக்கு ஒவ்வொரு முறையும் கிடைக்கும் சாஸ் மானியத்தின் உச்ச அளவு:

• முன்னோடித் தலைமுறை: 28.50 வெள்ளி
• மெர்டேக்கா தலைமுறை: 23.50 வெள்ளி
• நீல அட்டை: 18.50 வெள்ளி
• ஆரஞ்சு அட்டை: 10 வெள்ளி

பச்சை அட்டைக்குச் சாதாரண நோய்களுக்கான மானியம் இல்லை. ஆனால் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உயர் கொழுப்பு போன்ற நாட்பட்ட நோய்களுக்கு எல்லா நிற அட்டைகளுக்கும் மானியம் உண்டு.

2. ஒரே மருத்துவர், சரியான வழி

கால் வலிக்கு ஒரு மருந்தகம், சர்க்கரைக்கு இன்னொன்று, இருமலுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் எது திறந்திருக்கிறதோ அது என்று மாறி மாறிப் போனால், உங்கள் உடல்நிலையை முழுமையாக அறிந்தவர் யாரும் இருக்க மாட்டார். ஒரே மருந்தை இரண்டு இடங்களில் வாங்கிச் சாப்பிடும் ஆபத்தும் உண்டு.

2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்த்தியர் எஸ்ஜி திட்டத்தின்கீழ், 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுத்துப் பதிவுசெய்துகொள்ளலாம். சேர்ந்தபின் முதல் சுகாதாரத் திட்டச் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. பரிந்துரைக்கப்பட்ட உடல்நலப் பரிசோதனைகளையும் தடுப்பூசிகளையும் குடிமக்கள் முழு மானியத்துடன் பெறலாம். நாட்பட்ட நோய்ச் சிகிச்சைக்குப் பதிவுசெய்த மருந்தகத்தில் மெடிசேவைப் பயன்படுத்தும்போது, முன்பு கட்டாயமாக ரொக்கமாகச் செலுத்த வேண்டியிருந்த 15 விழுக்காட்டையும் இப்போது மெடிசேவிலிருந்தே செலுத்தலாம்.

நிபுணரைப் பார்க்க வேண்டியிருந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பலதுறை மருந்தகம் அல்லது சாஸ் மருந்தகம் தரும் பரிந்துரைக் கடிதத்துடன் அரசாங்க மருத்துவமனைக்குச் சென்றால், நீங்கள் மானியம் பெறும் நோயாளி. கடிதம் இல்லாமல் நேரடியாகத் தனியார் நோயாளியாகப் பதிவுசெய்தால் அந்த மானியம் கிடைக்காது. இருவரும் ஒரே மருத்துவமனைக்குத்தான் செல்கிறார்கள். கட்டணத்தில்தான் பெரிய வேறுபாடு.

3. மருத்துவமனைக் கட்டணம் எப்படிக் குறைகிறது?

மெடிஷீல்டு லைஃப், மெடிசேவ், மெடிஃபண்ட். கேட்பதற்கு மூன்றும் ஒன்றுபோலவே இருப்பதால் பலரும் குழம்புகிறார்கள். அவற்றை இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மெடிஷீல்டு லைஃப் என்பது காப்புறுதி. 2015 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. எல்லாக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வாழ்நாள் முழுவதும் பாதுகாப்பு அளிக்கிறது. முன்பே நோய் இருந்தவர்களும் இதில் அடங்குவர். பெரிய மருத்துவமனைக் கட்டணங்களுக்கும், இரத்தச் சுத்திகரிப்பு, புற்றுநோய்க்கான கீமோதெரபி போன்ற செலவுமிக்க சில வெளிநோயாளிச் சிகிச்சைகளுக்கும் கைகொடுக்கிறது.

மெடிசேவ் என்பது உங்கள் சேமிப்பு. மத்திய சேமநிதியில் மருத்துவத்துக்காக ஒதுக்கப்பட்ட உங்களுடைய சொந்தப் பணம்.

மெடிஃபண்ட் என்பது பாதுகாப்பு வலை. மானியம், காப்புறுதி, சேமிப்பு எல்லாம் போக, மிஞ்சியதையும் செலுத்த முடியாத குடிமக்களுக்காக அரசாங்கம் 1993இல் அமைத்த அறநிதி.

ஒரு சூழலை எண்ணிப் பாருங்கள். 78 வயது மூதாட்டி ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்கிறார். அரசாங்க மருத்துவமனையின் சி வகுப்பில் அறுவை சிகிச்சை நடக்கிறது. முதலில், வருமானத்துக்கேற்ற அரசாங்க மானியம் கட்டணத்திலிருந்து கழிக்கப்படும். அடுத்து, மெடிஷீல்டு லைஃப் தன் பங்கைச் செலுத்தும். அவர் ஏற்க வேண்டிய பகுதிக்கு அவருடைய மெடிசேவைப் பயன்படுத்தலாம். அதில் போதிய பணம் இல்லையென்றால் கணவரோ பிள்ளைகளோ தங்கள் மெடிசேவிலிருந்து செலுத்தலாம். அப்படியும் முடியாவிட்டால், மருத்துவமனையின் மருத்துவ சமூக சேவையாளரைப் பார்த்து மெடிஃபண்ட் உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆகவே, கட்டணச் சீட்டின் மேல்பகுதியில் இருக்கும் பெரிய தொகையைக் கண்டு அஞ்ச வேண்டாம். கடைசி வரியைப் பாருங்கள். அந்தக் கடைசி வரியும் சுமையாக இருந்தால், வீடு திரும்பும் முன்பே மருத்துவ சமூக சேவையாளரைச் சந்திக்க வேண்டும் என்று தாதியிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்: "அம்மாவுக்குக் குறை வைக்கக் கூடாது" என்று ஏ வகுப்பைக் கேட்கும் முன் யோசியுங்கள். ஏ வகுப்பில் அரசாங்க மானியம் இல்லை. மெடிஷீல்டு லைஃப் தொகையும் பி2, சி வகுப்புக் கட்டணங்களை அடிப்படையாகக் கொண்டே கணக்கிடப்படுகிறது. எந்த வகுப்பில் படுத்திருந்தாலும் தேவையான சிகிச்சை தரப்படும். சேர்க்கையின்போது நிதி ஆலோசனை வழங்கப்படும். ஒவ்வொரு வகுப்புக்கும் உத்தேசக் கட்டணம் என்ன என்று அப்போதே கேளுங்கள்.

4. வீட்டில் பராமரிப்பு தேவைப்படும்போது

மருத்துவமனைக் கட்டணம் ஒருமுறை வந்து போகும். பராமரிப்புச் செலவு மாதந்தோறும் வரும். இதற்கான பெரும்பாலான உதவிகள் ஆறு அன்றாடச் செயல்களை அளவுகோலாகக் கொண்டவை:

• குளித்தல்
• உடை அணிதல்
• உண்ணுதல்
• கழிவறையைப் பயன்படுத்துதல்
• வீட்டுக்குள் நடமாடுதல்
• படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து படுக்கைக்கும் மாறுதல்

இவற்றில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஒருவருக்கு எப்போதும் மற்றவர் உதவி தேவைப்பட்டால், கீழ்க்காணும் உதவிகளைப் பற்றி விசாரியுங்கள்.

எல்டர்ஷீல்டு: 2002இல் தொடங்கிய காப்புறுதி. நீங்கள் வைத்திருக்கும் திட்டத்தைப் பொறுத்து மாதம் 300 வெள்ளி ஐந்து ஆண்டுகள் வரையோ, மாதம் 400 வெள்ளி ஆறு ஆண்டுகள் வரையோ கிடைக்கும். பல ஆண்டுகளுக்குமுன் சந்தா கட்டியதையே சிலர் மறந்துவிடுகிறார்கள். பெற்றோருக்கு இது இருக்கிறதா என்று பிள்ளைகள் சரிபார்க்க வேண்டும்.

கேர்ஷீல்டு லைஃப்: 2020 அக்டோபரில் தொடங்கியது. கடும் உடற்குறை நீடிக்கும் வரை, வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் ரொக்கம் தருகிறது. 2020இல் மாதம் 600 வெள்ளியாக இருந்த தொகை அதன்பின் உயர்த்தப்பட்டு வந்துள்ளது.

மெடிசேவ் கேர்: கடும் உடற்குறை உள்ளவர், தம்முடைய அல்லது தம் கணவன், மனைவியின் மெடிசேவ் கணக்கிலிருந்து, இருப்பைப் பொறுத்து மாதம் 200 வெள்ளி வரை ரொக்கமாக எடுக்கலாம்.

இல்லப் பராமரிப்பு மானியம்: 2019இல் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கி, பின்னர் உயர்த்தப்பட்டது. குடும்ப வருமான வரம்பு உண்டு. பணிப்பெண்ணின் சம்பளத்துக்கோ, பகல்நேரப் பராமரிப்பு நிலையக் கட்டணத்துக்கோ, வேறு பராமரிப்புச் செலவுக்கோ இதைப் பயன்படுத்தலாம்.

பணிப்பெண்ணுக்கான தீர்வைச் சலுகை: 67 வயதும் அதற்கு மேலும் உள்ளவரைப் பார்த்துக்கொள்ளப் பணிப்பெண்ணை அமர்த்தும் தகுதிபெற்ற குடும்பங்கள், மாதத் தீர்வையாக 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளி செலுத்தலாம். இந்தச் சலுகைக்கு மேற்சொன்ன ஆறு செயல்களின் மதிப்பீடு தேவையில்லை.

மதிப்பீட்டின்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். விருந்தாளி வந்தால் எழுந்து நிற்பதுபோல், மதிப்பீடு செய்பவர் முன் "எல்லாம் நானே செய்துகொள்வேன்" என்று தைரியம் காட்டும் மூத்தோர் உண்டு. தினமும் குளிக்க வைப்பது மகள்தான் என்றால், அதைச் சொல்லுங்கள். அது உங்களைக் குறைத்துக் காட்டாது. உங்களுக்குரிய உதவியைப் பெற்றுத் தரும்.

5. விழும் முன்பே வீட்டை மாற்றுங்கள்

மேலே சொன்ன மூதாட்டி விழாமலேயே இருந்திருக்கலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஈஸ் திட்டத்தின்கீழ், குளியலறையில் கைப்பிடிகள் பொருத்தலாம். வழுக்காத தரைப்பூச்சு பூசலாம். வாசற்படியில் சாய்தளம் அமைக்கலாம். வீட்டின் அளவைப் பொறுத்து 95 விழுக்காடு வரை மானியம் உண்டு. வீட்டில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ள குடும்ப உறுப்பினர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 60 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு அன்றாடச் செயல்களில் உதவி தேவைப்பட்டால் அவர்களுக்கும் இது பொருந்தும்.

சக்கர நாற்காலி, நடைச்சட்டம், கழிவறை நாற்காலி, செவித்துணைக் கருவி போன்றவற்றுக்கு, மூத்தோர் நடமாட்ட, ஆதரவு நிதி 90 விழுக்காடு வரை மானியம் தருகிறது. 60 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்கள், வருமானத் தகுதிக்கு உட்பட்டு இதற்கு விண்ணப்பிக்கலாம். கருவியைச் சொந்தமாக வாங்கிவிட்டுப் பின்னர் மானியம் கேட்பதற்குப் பதிலாக, முதலில் மருத்துவமனையின் இயன்முறை மருத்துவரிடமோ செயல்முறைச் சிகிச்சையாளரிடமோ மதிப்பீடு செய்துகொள்ளுங்கள்.

6. நீங்கள் போக முடியாவிட்டால் சேவை உங்களிடம் வரும்

கட்டணம் குறைவாக இருந்தும் மருந்தகத்துக்குப் போக ஆளில்லை என்றால் பயனில்லை. அதற்கும் வழி உண்டு. வீட்டுக்கு வரும் மருத்துவர், வீட்டுக்கு வரும் தாதி, உணவு விநியோகம், மருத்துவச் சந்திப்புக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடும் துணை ஆகிய சேவைகள் உள்ளன. பிள்ளைகள் வேலைக்குச் செல்லும் நேரத்தில் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் இருக்கலாம். வீட்டில் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் தாதிமை இல்லம் இருக்கிறது. இவற்றில் பலவற்றுக்கு வருமானத்தைப் பொறுத்து மானியம் கிடைக்கும்.

நலமாக இருக்கும்போதே அருகிலுள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையத்துக்குச் சென்று பழகுங்கள். தீவெங்கும் இத்தகைய நிலையங்கள் 200க்கும் மேல் உள்ளன. உடற்பயிற்சி, சமையல், பேச்சுத் துணை எல்லாம் அங்கு உண்டு. இரண்டு நாள் உங்களைக் காணவில்லையென்றால் விசாரிக்க ஒருவர் இருப்பார். தனியாக வாழ்பவருக்கு இதுவும் மருத்துவ உதவிக்குச் சமம்.

7. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"என் மகனுக்கு நல்ல சம்பளம். எனக்கு ஒன்றும் கிடைக்காது, அல்லவா?"
முன்னோடி, மெர்டேக்கா தலைமுறைச் சலுகைகளுக்கு வருமானம் பார்க்கப்படுவதில்லை. சாஸ் போன்ற திட்டங்களில், ஒரே முகவரியில் வசிக்கும் குடும்பத்தினரின் மொத்த வருமானத்தை அவர்களின் எண்ணிக்கையால் வகுத்துக் கணக்கிடுவார்கள். ஒருவர் சம்பாதித்து அறுவர் வாழும் வீட்டில் தனிநபர் வருமானம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். விண்ணப்பித்துப் பார்த்தால்தான் தெரியும்.

"வீட்டில் யாருக்கும் வருமானம் இல்லை. எதைக் காட்டுவது?"
அப்படிப்பட்ட நிலையில் வீட்டின் ஆண்டு மதிப்பைக் கொண்டு தகுதி முடிவுசெய்யப்படும். சம்பளச் சீட்டு இல்லையே என்று விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டாம்.

"நான் நிரந்தரவாசி. எனக்கு என்ன உண்டு?"
மெடிஷீல்டு லைஃப் உங்களுக்கும் உண்டு. சாஸ் அட்டை குடிமக்களுக்கு மட்டுமே. மற்ற உதவிகளுக்கான தகுதி திட்டத்துக்குத் திட்டம் மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"எனக்கு ஆங்கிலப் படிவம் புரியாது."
கையொப்பமிடும் முன், தமிழில் விளக்கும்படி கேளுங்கள். தமிழ் பேசும் ஊழியர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். துடிப்பாக மூப்படைதல் நிலையத்திலும் சமூக மன்றத்திலும் படிவம் நிரப்ப உதவுவார்கள். உங்கள் வீட்டுக்கு வரும் மூத்த தலைமுறைத் தூதரிடமும் கேட்கலாம்.

"உதவி தருகிறோம் என்று யாரோ அழைக்கிறார்கள். நம்பலாமா?"
மானியம் பெற எந்த அரசாங்க அதிகாரியும் உங்கள் வங்கி மறைச்சொல்லையோ சிங்பாஸ் மறைச்சொல்லையோ கேட்க மாட்டார். தொலைபேசிவழி பணம் அனுப்பவும் சொல்ல மாட்டார். சந்தேகம் வந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழையுங்கள்.

8. இந்த வாரம் செய்ய வேண்டியவை

• உங்கள் தலைமுறை அட்டையை அல்லது சாஸ் அட்டையை எடுத்து அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். இல்லையென்றால் விண்ணப்பியுங்கள்.
• தற்போது சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போட்டு, அடுத்த சந்திப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். செலவுக்காக மருந்தைக் குறைத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மானியம் அதிகமுள்ள மாற்று மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள்.
• தள்ளிப் போட்ட சந்திப்புக்கு மறுபடி தேதி வாங்குங்கள்.
• எல்டர்ஷீல்டு அல்லது கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதி இருக்கிறதா என்று குடும்பத்தாருடன் சேர்ந்து சரிபாருங்கள்.
• குளியலறையில் கைப்பிடி இல்லையென்றால் ஈஸ் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800 650 6060 என்ற எண்ணில் அழையுங்கள். எந்தத் திட்டத்தின் பெயரும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "அம்மாவுக்கு நடக்க முடியவில்லை", "மருந்துச் செலவு கட்டுப்படியாகவில்லை" என்று உங்கள் நிலையைச் சொன்னால் போதும். எந்த உதவி பொருந்தும் என்பதை அவர்கள் கண்டறிந்து சொல்வார்கள்.

நீங்கள் பல்லாண்டுகள் உழைத்து, வரி கட்டி, பிள்ளைகளை வளர்த்து இந்த நாட்டை உருவாக்கியவர்கள். இந்த உதவிகள் உங்களுக்காகவே அமைக்கப்பட்டவை. மாத்திரையைப் பாதியாக உடைக்கும் முன், ஒரு தொலைபேசி அழைப்பு செய்யுங்கள்.